சிறைக்குள் இருந்து குறை மனு, மேல்முறையீடு: மதுரைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், "மூணு தடவ மனு போட்டாச்சு தம்பி, ஒருத்தரும் கண்டுக்கல" என்றார். நகல் இருக்கிறதா என்று கேட்டேன். சுருக்குப்பையைத் திறந்து மூன்று துண்டுச் சீட்டுகளை நீட்டினார். மூன்றுமே மகனைப் பார்ப்பதற்காக எழுதிக்கொடுத்த நேர்காணல் சீட்டுகள். சிறை வாசலில் 'மனு' என்றால் பார்க்கப் போவது. மகனுக்கு வலிப்பு மாத்திரை கிடைக்கவில்லை என்பதை மூன்று தடவையும் வாயால்தான் சொல்லியிருக்கிறார். எந்தக் காகிதத்திலும் அது ஏறவே இல்லை.

சட்டத் தன்னார்வலராக இந்த மனுக்களை எழுதிக்கொடுத்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பவர் இதைப் படிக்கப்போவதில்லை என்பதால் வெளியே இருக்கும் உங்களிடம்தான் சொல்கிறேன். அவர் செய்ய வேண்டியதை அடுத்த பார்வையில் நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். குழப்பம் வராமலிருக்க, இனி 'மனு' என்றால் குறை எழுதிய காகிதம், 'பார்வை' என்றால் நேர்காணல்.

ஒரு விதிவிலக்கு. அடி, உடைந்த எலும்பு, உயிருக்கு ஆபத்தான நோய், தற்கொலைப் பேச்சு, இதில் எதுவாக இருந்தாலும் கீழே உள்ள வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக 8, 10 எண்ணுள்ள படிகளுக்குப் போங்கள்.

1. குறை யார்மேல் என்று முதலில் பிரியுங்கள்

பாதி மனுக்கள் தோற்பது இங்கேதான். சிறையில் நடப்பதெல்லாம் சிறை நிர்வாகத்தின் கையில் இல்லை.

சாப்பாடு, உள்ளே தரும் மருந்து, பிளாக் மாற்றம், பார்வை, போன், சிறைக்குள் ஒழுங்கு மீறலுக்குத் தரும் தண்டனை, காவலர் நடத்தை, இவை சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு. மனு அவருக்கு.

"வாய்தாவுக்குக் கூட்டிட்டுப் போகல", "பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பல" என்றால், வழிக்காவல் கேட்கப்பட்டதா என்பதை முதலில் விசாரியுங்கள். கைதியை வெளியே அழைத்துப் போவது காவல்துறையின் ஆயுதப்படை. சிறையிலிருந்து கேட்டும் ஆள் வரவில்லை என்றால் குறை காவல்துறை மேல். மனு கண்காணிப்பாளருக்கே போகட்டும், நகல் மட்டும் மாநகர் என்றால் காவல் ஆணையருக்கும், மாவட்டம் என்றால் காவல் கண்காணிப்பாளருக்கும் போக வேண்டும்.

ஜாமீன், வழக்குத் தாமதம் எல்லாம் நீதிமன்றத்தின் வேலை. அதைச் சிறை மனுவில் எழுதினால் "இந்த அலுவலகத்துக்குத் தொடர்பில்லை" என்று திரும்பிவரும், கூட எழுதிய நியாயமான குறையும் அதோடு சேர்ந்து திரும்பும். குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர், அந்த ஆணையை எதிர்த்து அரசுக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் கொடுக்கும் முறையீடு வேறு வழி. அதை இதோடு கலக்காதீர்கள்.

2. எழுத உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கைதியின் முழுப்பெயர், தந்தை பெயர், சிறை எண், பிளாக், உள்ளே போன தேதி, குற்ற எண், காவல் நிலையம், வழக்கு நடக்கும் நீதிமன்றம். இரண்டாம் பக்கத்திலிருந்து தேதிவாரியாக: எந்தப் பார்வையில் என்ன சொன்னார், யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது.

பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் தேடுவார்கள் என்று நம்பாதீர்கள். மதுரைப் பக்கம் ஒரே பெயரில், தந்தை பெயரும் ஒன்றாகவே, இரண்டு பேர் ஒரே சிறையில் இருப்பது நடக்கிற கதைதான். எண் இருந்தால் மனு ஒரே நாளில் சரியான கோப்புக்குப் போகும்.

நோய் சம்பந்தமான குறை என்றால் வெளியே வைத்தியம் பார்த்த சீட்டுகள், மாத்திரை அட்டையின் படம், ஸ்கேன் அறிக்கை, எல்லாவற்றுக்கும் நகல். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் கடைசியில் ஓடுவது இதற்குத்தான்: வக்காலத்து, அதாவது நம் சார்பில் வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாள். உள்ளே இருப்பவர் போடும் கையெழுத்தையோ ரேகையையோ சிறை அதிகாரி சான்றொப்பமிட வேண்டும். நீதிமன்றம் போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், சட்ட உதவி வழக்கறிஞர் வரும்போது ஒரு வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேவைப்படும் நாளில் ஒரு வாரம் மிச்சமாகும்.

3. உள்ளே முதலில் வாயால் சொல்லட்டும், அதே நாளில்

எழுதுவதற்கு முன் பிளாக் காவலரிடமும், முடிந்தால் ஜெயிலரிடமோ நல அலுவலரிடமோ வாயால் சொல்ல வேண்டும். தலையணை இல்லை, தண்ணீர் வரவில்லை போன்றவை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் "இன்ன தேதியில் இன்ன பணியில் இருந்தவரிடம் சொன்னேன்" என்று பிறகு எழுத முடியும்.

உடம்பு சரியில்லை என்றால் இந்தப் படி கட்டாயம். உடல்நலமில்லாத கைதியைப் பற்றியும், மருத்துவரைப் பார்க்கக் கேட்கும் கைதியைப் பற்றியும் பொறுப்பிலிருக்கும் காவலர் தாமதிக்காமல் ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கேட்டார் என்பதே ஒரு ஆதாரம். எந்த நாள், எந்த நேரம், யாரிடம் என்று நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

கண்காணிப்பாளர் பிளாக் பிளாக்காகப் பார்வையிட வரும் நாளில் நேரில் சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் ஐந்து குறை சொல்பவருக்கு ஒன்றும் நடக்காது. ஒன்றைச் சொல்லி, "மனு எழுதித் தரட்டுமா ஐயா" என்று முடிக்கட்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் மனுவை நடுவில் யாரும் மடக்கத் தயங்குவார்கள்.

4. மனு எழுதுவது

முதல் மனுவை ஒரு நீதிபதி படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். பல சமயம் அதுதான் நடக்கிறது. உயர் நீதிமன்றம் வரை போனால், அங்கே முதலில் கேட்கும் கேள்வி "அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா?" என்பது. கொடுத்திருந்தால், அதை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வருவது மிகச் சாதாரணம். அப்போது பரிசீலிக்கப்படுவது நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒற்றைத் தாள். அதில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

ஒரு மனுவில் ஒரு குறை, ஒரு கோரிக்கை. அந்த அம்மாவின் நான்காவது 'மனு', மகன் பெயரில், ஏறக்குறைய இப்படி அமைந்தது (பெயர், எண், தேதிகளை மாற்றியிருக்கிறேன், எந்தச் சிறை என்பதையும் விட்டுவிட்டேன்):

"பெறுநர்: சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்.
பொருள்: வலிப்பு நோய்க்கான மாத்திரை மீண்டும் வழங்கக் கோருதல்.
ஐயா, நான் இச்சிறையில் விசாரணைக் கைதியாக உள்ளேன். எண் ____, பிளாக் ____. எனக்கு 6 வருடமாக வலிப்பு நோய் உண்டு. அரசு மருத்துவமனைச் சீட்டு நகல் இணைத்துள்ளேன். இம்மாதம் 4ஆம் தேதி முதல் மாத்திரை கிடைக்கவில்லை. 9ஆம் தேதி இரவு சுமார் 10 மணிக்கு வலிப்பு வந்தது. உடனிருந்தவர்கள் பார்த்தார்கள். 10ஆம் தேதி காலை பிளாக் பணியில் இருந்த காவலரிடம் சொன்னேன். சிறை மருத்துவர் என்னைப் பரிசோதித்து, அதே மாத்திரையைத் தினமும் வழங்க உத்தரவிடுமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். "கொடுமை", "அராஜகம்", "மனிதாபிமானமே இல்லை" ஒன்றும் இல்லை. காவலரைத் திட்டவில்லை. உடனிருந்தவர்களின் பெயரும் இல்லை. சாட்சி உண்டு என்று சொன்னால் போதும். பெயரை இந்தக் கட்டத்திலேயே எழுதினால் மறுநாள் அவர் "நான் ஒண்ணும் பாக்கல" என்று ஒதுங்கிவிடுவார். விசாரணை என்று வரும்போது பெயர் கொடுக்கலாம்.

கடைசி வரி முக்கியம். எழுத்தில் பதில் கேட்காத மனுவுக்கு வாயால் பதில் வரும். வாய்ப்பதிலை வைத்து மேல்முறையீடு செய்வது கடினம்.

எழுதத் தெரியாதவர் உடனிருப்பவரை எழுதச் சொல்லலாம். "இன்னார் எழுதினார், எனக்குப் படித்துக்காட்டப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்து ரேகை வைத்தால் போதும். மற்றவர் கையெழுத்து என்பதற்காகவே மனு பொய் என்று சொல்லும் வாய்ப்பு அதனால் அடைபடும்.

5. கொடுத்ததற்குத் தடயம்

உள்ளே இருப்பவருக்கு ஒப்புகைச் சீட்டு எளிதில் கிடைக்காது. கேட்கட்டும், கிடைத்தால் நல்லது. கிடைக்காது என்று வைத்துக்கொண்டு வேறு தடயங்களை உண்டாக்குங்கள்.

இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் தன்னிடம் வைக்கட்டும். கொடுத்த அன்றே வீட்டுக்கு ஒரு கடிதம்: "இன்று மாத்திரை சம்பந்தமாகக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தேன்." இரண்டே வரி. தபால் முத்திரைத் தேதியோடு உங்கள் கையில் அது ஆதாரம். உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், முத்திரை இருப்பது அதில்தான். சிறையிலிருந்து வரும் கடிதம் படிக்கப்பட்டுத்தான் வரும் என்ற நினைப்போடு எழுதட்டும். இந்த வரியை யார் படித்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

விசாரணைக் கைதிக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலர் அதை வீணாக்குகிறார்கள். காவல் நீட்டிப்புக்காக நேரிலோ காணொலியிலோ நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போது, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்ற கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே சொல்லட்டும்: "ஐயா, 11ஆம் தேதி மாத்திரை கேட்டு மனு கொடுத்தேன், இன்னும் கிடைக்கல." நடுவர் பதிவு செய்தால் அதைவிடப் பெரிய ஒப்புகை இல்லை. வழக்கறிஞர் அன்றைக்கே ஒரு சிறு மனுவாகவும் அதைத் தாக்கல் செய்யலாம்.

புகார்ப் பெட்டி இருந்தால் அதிலும் ஒரு பிரதி. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

6. வெளியிலிருந்து இணை மனு

உள்ளே மனு கொடுத்த அதே வாரத்தில் நீங்களும் ஒன்று அனுப்புங்கள். அவருடைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு, அதே கோரிக்கை, அதே வார்த்தைகள். உள்ளே ஒரு தேதி, வெளியே ஒரு தேதி என்று முரண்பட்டால் இரண்டும் பலவீனமாகும்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். சேர்ந்த விவரம் தபால்துறை இணையத்தில் தெரியும், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள், சில மாதத்தில் அது மறைந்துவிடும். நேரில் அரசரடி மத்திய சிறைக்குப் போய்க் கொடுப்பதானால் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும், முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் கொடுக்கலாம். எண் கிடைக்கும் என்பதே இதன் பயன். சுற்றி அது கண்காணிப்பாளரிடம்தான் வந்து சேரும்.

7. காத்திருப்பதும் தகவல் உரிமையும்

மருந்துக்கு 3 நாள். மற்றவைக்கு 15 நாள். இது சட்டக் கெடு இல்லை, என் அனுபவக் கணக்கு. அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் ஒரு விண்ணப்பம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேட்க வேண்டியது இவ்வளவே: "இன்ன தேதியிட்ட மனு எந்த நாளில் பெறப்பட்டது, எந்த எண்ணில் பதியப்பட்டது, என்ன நடவடிக்கை, ஆவண நகல் தருக."

30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். அப்படியானால் விண்ணப்பத்தின் தலையிலேயே அதையும், ஏன் என்பதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இங்கே நானே ஒருமுறை சறுக்கினேன். அக்கா பெயரில் விண்ணப்பம் போட்டுத் தம்பியின் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டோம். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டார்கள். மறுத்ததில் தப்பில்லை. மருத்துவப் பதிவு வேண்டுமென்றால் கைதியே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்துச் சம்மதத்தை இணைக்க வேண்டும்.

8. சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் மாவட்ட நீதிபதியும்

காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டாம். அலைந்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100-ல் அழைக்கலாம். உள்ளே இருப்பவர் சிறைச் சட்ட உதவி மையத்தில் பெயர் கொடுக்கலாம்.

மாவட்ட நீதிபதிக்கு ஏன் எழுத வேண்டும்? திகார் சிறையில் சக கைதி ஒருவருக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில், மாவட்ட நடுவரும் (நம் ஊரில் கலெக்டர்) அமர்வு நீதிபதியும் சிறைக்குப் போய்க் குறை கேட்க வேண்டும், புகார்ப் பெட்டிகள் அவர்களது பொறுப்பில் இருக்க வேண்டும், தனிச்செல் போன்ற தண்டனைக்கும் தண்டனையாக அமையும் சிறை மாற்றத்துக்கும் அமர்வு நீதிபதியின் பரிசீலனை வேண்டும், அவசரமானால் 2 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. எனவே தனிச்செல்லில் போட்டிருக்கிறார்கள் என்றால் கண்காணிப்பாளருக்குப் போகும் அதே நாளில் முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் (அமர்வு நீதிபதியும் அவர்தான்) அனுப்புங்கள். "அமர்வு நீதிபதிக்குத் தெரிவிக்கப்பட்டதா?" என்ற ஒற்றைக் கேள்வியே மனுவின் மையமாக இருக்கட்டும்.

9. துறைக்குள் மேல்முறையீடு

கண்காணிப்பாளர் மறுத்தால், அல்லது பதிலே தராவிட்டால், அடுத்தது மதுரைச் சரகச் சிறைத்துறை டி.ஐ.ஜி. அதற்கும் மேல் சென்னையில் துறைத் தலைவர், பிறகு அரசின் உள்துறைச் செயலர். ஒரே நாளில் எல்லோருக்கும் நகல் போடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, பிரதமர் வரை. மேலே இருப்பவர் கீழே அனுப்பி அறிக்கை கேட்பார், ஐந்து இடத்திலிருந்து ஒரே மனு ஒரே மேசைக்கு வந்து விழும், "ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டது" என்று ஐந்தும் மூடப்படும். ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.

மேல்முறையீடு பழைய மனுவின் மறுபதிப்பு இல்லை. மூன்று செய்தி போதும்: என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, அந்தப் பதில் ஏன் சரியில்லை. "மருத்துவர் பரிசோதித்தார்" என்று பதில் வந்திருந்தால், "பரிசோதித்தது 3ஆம் தேதி. வலிப்பு வந்தது 9ஆம் தேதி. அதன்பின் பரிசோதனை இல்லை" என்று அந்தப் பதிலின் மேல் விரலை வையுங்கள்.

விடுப்பு மறுக்கப்பட்டது என்றால் கவனம். தண்டனைக் கைதிக்கான சாதாரண விடுப்பும் அவசர விடுப்பும் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்த விதிகளின்படி நடக்கின்றன. வேறு வழக்கு நிலுவையில் இருப்பது அந்த விதிகளில் பெரிய தடை. மறுப்பு ஆணையின் நகலை வாங்கி, எந்தக் காரணம் என்று பார்த்த பிறகே எழுதுங்கள். முடிந்துபோன பழைய வழக்கை நிலுவை என்று காட்டியிருந்தால், தீர்ப்பு நகலை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

10. மனித உரிமை ஆணையமா, உயர் நீதிமன்றமா?

அவசரம் என்றால் நீதிமன்றம். நடந்து முடிந்த அடி, அவமதிப்புக்குப் பொறுப்பு கேட்பதானால் ஆணையம்.

மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் இருக்கிறது. தபாலில் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அதற்குப் பின் எடுக்க மாட்டார்கள். மாநில ஆணையம் விசாரிக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. ஆகவே இரண்டிலும் போடாதீர்கள். ஏதாவது நீதிமன்றத்தில் அதே விஷயம் நிலுவையில் இருந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனைவியோ பெற்றோரோ உடன்பிறந்தவரோ கைதிக்காக ரிட் மனு (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கிளையிலேயே சட்டப் பணிக் குழு இருக்கிறது. கிளை இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் பஸ் ஏறுமுன் அந்த நோட்டையும், முதல் மனுவின் நகலையும், ரசீதுகளையும், மேல்முறையீட்டையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் வழக்கைப் புரிந்துகொள்வார். இல்லாவிட்டால் உங்கள் கண்ணீரைத்தான் பார்ப்பார், தேதியைத் தேடி அடுத்த வாரம் வரச் சொல்வார்.

11. "மனு போட்டா வேற ஜெயிலுக்கு மாத்திருவாங்களே?"

எல்லோரும் கேட்பது, நியாயமான பயம். பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கப்போவது நான் இல்லை. மனு கொடுக்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் ஆத்திரத்தில் அவருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள்.

கொடுத்த பிறகு ஒரு மாதத்துக்குப் பார்வையை விடாதீர்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் கைதியைச் சீண்டுவது குறைவு. உடம்பில் காயம் இருக்கிறதா, பிளாக் மாறியதா, கான்டீன் நிறுத்தப்பட்டதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு நோட்டில் ஏற்றுங்கள்.

மாற்றிவிட்டார்கள் என்றால் முதல் வேலை புதிய சிறை எண்ணை வாங்குவது. அடுத்து, எந்த நீதிமன்றம் என்று பார்ப்பது. பாளையங்கோட்டை, திருச்சி என்றால் மதுரைக் கிளையின் எல்லைக்குள்ளேயே இருக்கிறார். கடலூர், வேலூர், சேலம், கோவை, புழல் என்றால் அந்தச் சிறை சென்னை அமர்வின் எல்லையில் வரும். மாற்றத்தை எதிர்ப்பதானால், மாற்ற ஆணை எங்கே பிறப்பிக்கப்பட்டது என்பதை வழக்கறிஞரிடம் காட்டி எங்கே தாக்கல் செய்வது என்று முடிவு செய்யுங்கள். மருந்துக் குறையோ, புது இடத்துக் கண்காணிப்பாளருக்கு முதலிலிருந்து ஒரு மனு. பழைய மனுவின் நகலையும் மருத்துவச் சீட்டையும் அதோடு இணைத்து அன்றைக்கே அனுப்புங்கள்.